தெளியும்வரை கழுவிய பஞ்சு

போன கிழமை உம்ரா முடித்து வந்த கையோடு, சம்சம் தண்ணீரும் பேரீத்தம்பழமும் எடுத்துக்கொண்டு, முன்பு நான் வேலை செய்த அலங்கார மீன் கொட்டிலுக்கு வந்தேன். வந்த இடத்தில் உங்களில் ஒரு பிள்ளையை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லையாம். வடிகட்டியில் இருந்த பஞ்சு அத்தனையையும் ஒன்றாக வெளியே எடுத்துப் போட்டு, பைப்பைத் திறந்துவிட்டு, பிழிந்து பிழிந்து கழுவிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கையில் இருந்ததைப் பறித்தேன். பறிக்க நான் யார்? வேலையை விட்டு வீட்டோடு இருக்கிற மனுசி. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, துஆச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டியவள். அந்தப் பிள்ளை அழுதுவிட்டாள். மற்றவர்கள், ராத்தாவுக்கு மக்காவில் வெயில் கூடிப்போச்சோ என்கிற மாதிரிப் பார்த்தீர்கள்.

அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் ஏன் அப்படிக் கத்தினேன் என்று சொல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்டால் அது பாதி மன்னிப்பு. அப்படிப் பாதி பாதியாகவே என் காலத்தை ஓட்டியவள் நான். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். முடிவில் எல்லாம் நல்லபடி ஆகிவிடும் என்று எண்ணிக்கொண்டு வாசிக்காதீர்கள். ஆகவில்லை.

பஞ்சைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், புதிதாக வந்தவர்களுக்காக. மீன் இருக்கிற தண்ணீரில் மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் சேர்ந்து நஞ்சாகும். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் கண்ணாடி மாதிரித்தான் இருக்கும், மீன் மட்டும் செத்துக்கொண்டிருக்கும். அந்த நஞ்சைத் தின்று தீர்க்கிற நல்ல கிருமி, வடிகட்டிப் பஞ்சில் பழுப்பாக வழுவழுவென்று பிடித்திருக்கிறதே, அந்த அழுக்கில்தான் குடியிருக்கிறது. அது பிடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். புதுத் தொட்டி தொடங்குகிறவர்கள் பழைய தொட்டியின் பஞ்சில் ஒரு துண்டைக் கொண்டுவந்து வைத்தால் அந்தக் கிருமி அங்கேயும் பெருகும். தயிருக்கு உறை ஊற்றுவதுபோலத்தான்.

இதை எனக்குக் கற்றுத் தந்தவர் அப்போது கொட்டிலைப் பொறுப்பாகப் பார்த்த சிலாபத்துச் சிங்களவர். நாங்கள் சேர் என்று மட்டும் கூப்பிடுவோம். தமிழ் நன்றாகக் கதைப்பார், கோபம் வந்தால் மட்டும் சிங்களத்துக்குத் தாவிவிடுவார். பஞ்சை மாற்ற வேண்டி வந்தால் இன்றைக்குப் பாதி, இரண்டு கிழமை கழித்து மிச்சம். கழுவுவதென்றால் அந்தந்தத் தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். எந்த இடத்தில் நிறுத்துவது என்று கேட்டதற்கு அவர் சொன்னது இன்னும் என் காதில் கிடக்கிறது.

“தண்ணி கலங்கினா போதும். தெளியிற வரைக்கும் கழுவ வேணாம்.”

ஒரு தரம் வெளிநாட்டில் இருந்து மீன் வாங்குகிறவர்கள் கொட்டிலைப் பார்க்க வருகிறார்கள் என்று கொழும்பில் இருக்கிற கம்பனியில் இருந்து போன் கோல் வந்தது. வடிகட்டிகள் எல்லாம் புதிது மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டுமாம். வருவதற்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது. நாங்கள் பெண்கள் ஆறு பேர், கையை மடித்துக்கொண்டு கழுவத் தயாராகி நின்றோம். சேர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தச்சனைக் கூப்பிட்டு எல்லா வடிகட்டிக்கும் பலகையால் மூடி அடிக்கச் சொன்னார். மூடிகளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தோம். வந்தவர்கள் மூடியைப் பார்த்து, துப்புரவு என்றால் இதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு மீன் சாகவில்லை. மேலே இருந்து எவ்வளவு நெருக்கினாலும், தொடக்கூடாததைத் தொடாமல் இருக்கிற தைரியம் அந்த மனுசனுக்கு இருந்தது. அது எனக்கு இருக்கவில்லை.

இவ்வளவும் எனக்குத் தெரியும் என்று காட்டத்தான் இதை எழுதினேன். பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் எனக்காகப் பேச வரவேண்டாம். அந்த நேரம் வடிகட்டி வேலை முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான்தான் காட்டிக்கொடுப்பேன். பஞ்சு ராத்தா என்று எனக்குப் பட்டப்பெயர். கேட்டுச் சலித்துக்கொள்வேன், உள்ளுக்குள் பெருமைதான்.

இனிப் பலீலைப் பற்றிச் சொல்கிறேன்.

பலீல் எங்கள் கொட்டிலுக்கு மீன் பிடித்துத் தந்த சுழியோடி. என்னைப்போலவே, தொண்ணூறில் புலிகள் எங்கள் ஆட்களை வெளியேற்றியபோது மன்னாரில் இருந்து துரத்தப்பட்டு, சின்ன வயதில் புத்தளத்துக்கு வந்தவர். நுரைச்சோலைப் பக்கத்தில் எங்கள் குடியிருப்பில், இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. தண்ணீருக்குக் கீழே போய்க் கைவலையால் ஒரு செதில்கூட உதிராமல் மீனைப் பிடித்துக்கொண்டு வருவார். பெரிய உடம்பு, பெரிய கை. அந்தக் கை எப்படி அவ்வளவு மெதுவாக மீனைப் பிடிக்கிறது என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

சண்டை முடிந்து, கடலுக்குப் போக நேவி பாஸ் கேட்பது நின்றது. சுழியோடிகள் முன்பு போகாத இடங்களுக்கெல்லாம் போனார்கள், முன்பு இறங்காத ஆழத்துக்கெல்லாம் இறங்கினார்கள். ஒரு நாள் பலீலுக்குக் கீழே காற்று முடிந்துவிட்டது. நின்று நின்று வர வேண்டியவர் ஒரே எழும்பாக மேலே வந்தார். அப்படி வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி உடம்பை முடக்கிவிடும். வள்ளத்தில் ஏறும்போதே இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை என்றாராம். ஆறேழு மாதம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் சக்கரக் கதிரையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருடைய அண்ணன்மார் மன்னாருக்குத் திரும்பிப் போனார்கள். இவர் போகவில்லை. இந்தக் காலோடு அங்கே போய் யாருக்குப் பாரமாக இருப்பது என்று மனைவி நிஹாராவிடம் சொன்னாராம். முன் வாசலில் கதிரையைப் போட்டு, போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு இருப்பார். சலாம் சொன்னால் பதில் சொல்வார், அவ்வளவுதான்.

கூட வேலை செய்த சுழியோடிகள் ஒரு நாள் சோடி மீன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட மீன். சும்மா பார்த்துக்கொண்டு இருக்கட்டும் என்று கொடுத்தது. வள்ளத்தில் வைக்கிற பழைய ஐஸ் பெட்டியில் கடல் தண்ணீர் ஊற்றி, ஒரு சின்னப் பஞ்சும் காற்றுக் குழாயும் வைத்து அதில் விட்டார். ஏழெட்டு மாதத்தில் அந்தச் சோடி, உள்ளே கிடந்த ஓட்டுத் துண்டில் முட்டை வைத்தது. முதல் தரம் பொரித்த குஞ்சு எல்லாம் செத்தது. இரண்டாம் தரம் நான்கு குஞ்சு தப்பி, பட்டி தெரிகிற அளவுக்கு வளர்ந்தது. சேர் கேள்விப்பட்டு நேரே வந்து பார்த்தார். பலீல் எத்தனை வளர்த்தாலும் அத்தனையையும் கொட்டில் எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மனுசன் அதற்குப் பிறகு எப்படி மாறினார் என்று உங்களுக்கு எழுத்தில் காட்ட எனக்குத் தெரியாது. விடியலில் சுபஹு தொழுதவுடன் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பார். குஞ்சுக்குக் கொடுக்கிற கண்ணுக்குத் தெரியாத இரையைக்கூடத் தானே வளர்த்தார். சுழியோடி என்ற பேர் போய், நடக்க முடியாதவர் என்ற பேர் மட்டும் மிஞ்சியிருந்த ஆளுக்கு, காலில்லாமல் செய்யக்கூடிய கடல் வேலை ஒன்று கிடைத்துவிட்டது. அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. நிஹாரா என்னிடம் சொன்னாள், இப்பெல்லாம் ராவைக்கு நித்திரை கொள்றார் ராத்தா என்று.

ஐஸ் பெட்டி போதாது என்று சுழியோடிகள் சேர்ந்து பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று செய்து கொடுத்தார்கள். அதைத் தொடக்கித் தர வேண்டும் என்று பலீல் என்னைத்தான் கேட்டார். ஐஸ் பெட்டியில் இருக்கிற பஞ்சையே புதுத் தொட்டியில் போடட்டுமா என்றும் கேட்டார். நல்ல கேள்வி. ஓம் என்று சொல்லியிருந்தால் போதும். எனக்குப் பெருமை பிடரியில் ஏறியிருந்தது.

“அந்தத் துண்டு எந்த மூலைக்குக் காணும்? அத எறிங்க. கொட்டில்ல இருந்து நான் நல்லதாக் கொண்டு வாரன்.”

சேர் அப்போது லீவில் ஊருக்குப் போயிருந்தார். கேட்டிருந்தாலும் தந்திருப்பார். பெரிய வடிகட்டியில் இருந்து நன்றாகப் பழுத்த பஞ்சில் இரண்டு துண்டு வெட்டி, மூடியுள்ள வாளியில் தொட்டித் தண்ணீரோடு போட்டு, பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, காலையில் பலீல் வீட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தேன். அதுவரைக்கும் எல்லாம் சரி.

எங்கள் குடியிருப்புக்குப் பைப் தண்ணீர் வந்தது அந்தக் கிழமைதான். இருபது வருடத்துக்கு மேலாக உவர்க் கிணற்றில் அள்ளினோம், தண்ணீர் பவுசர் வரும் நாளில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுச் சண்டை பிடித்தோம். இப்போது வாசலில் திருகினால் தண்ணீர். பெண்கள் எல்லோரும் கழுவ வேண்டாததையெல்லாம் கழுவினோம். நான் அலுமாரிக்குள் இருந்த கோப்பைகளை எடுத்துக் கழுவித் திரும்ப வைத்தேன். அந்தத் தண்ணீரில் ஒரு மருந்து வாடை இருந்தது. புதுத் தண்ணீர் என்றால் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டோம். கிருமியைக் கொல்லப் போடுகிற மருந்து அது. நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பேர் பார்த்துக் கொல்ல அதற்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் வாளியைத் திறந்தேன். சேற்று நாற்றம் அடித்தது. பஞ்சு பழுப்பு நிறத்தில் வழுவழுவென்று கிடந்தது. கொட்டிலில் நாளும் பார்க்கிற சாமான்தான். ஆனால் இப்போது அது என் வீட்டு வாசலில் இருந்தது, இன்னொருவர் வீட்டுக்குப் போக இருந்தது. எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. அயல் வீட்டில் இருந்து நோன்புக் கஞ்சி வந்த கோப்பையைக்கூட மூன்று தரம் கழுவி, துடைத்து, உள்ளே ஏதாவது வைத்துத்தான் திருப்பிக் கொடுப்போம். நிஹாரா அவ்வளவு துப்புரவானவள். அவள் கையில் இந்தச் சேற்றை எப்படிக் கொடுப்பது என்று வெட்கமாக இருந்தது. மேலால் ஒரு தரம் அலசினால் ஒன்றும் ஆகாது என்று பைப்பைத் திறந்தேன்.

ஒரு தரம் அலசினேன். பழுப்பாக ஓடியது. பழுப்பாக ஓடுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு நிறுத்துகிற கை இல்லை என் கை. அரிசி களைகிற கை, சட்டி கழுவுகிற கை, உடுப்பு அலசுகிற கை. அது தெளிந்த தண்ணீரைப் பார்த்தால்தான் நிற்கும். இரண்டாம் தரம் பிழிந்தேன். மூன்றாம் தரம் பிழிந்தபோது தண்ணீர் வெள்ளையாக ஓடியது, பஞ்சும் வெளுத்துவிட்டது. சேர் சொன்னது நினைவுக்கு வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. அது கொட்டிலுக்குச் சொன்னது, இது வீட்டுக்குப் போவது என்று அந்த நேரத்தில் எனக்குள் ஒரு ஞாயம் ஓடியது. இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பலீல் வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். சுழியோடிகள் காலையிலேயே கேன்களில் தெளிந்த கடல் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பியிருந்தார்கள். பஞ்சை வைத்தேன். நான்கு குஞ்சையும் சோடியையும் பலீல் தன் கையாலேயே எடுத்து விட்டார். ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தாயிற்று. பழைய பஞ்சை நான் சொன்னபடியே எறிந்துவிட்டார்கள். நிஹாரா வட்டிலப்பம் வைத்துத் தந்தாள், வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் வேலைக்கு வெளிக்கிடும்போது நிஹாரா கோல் எடுத்தாள். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதாம். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. வீட்டில் வைத்திருந்த சோதனை மருந்தை எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீரை சின்னப் போத்தலில் எடுத்து மூன்று துளி விட்டால், மஞ்சளாக இருந்தால் நல்லது, பச்சையானால் நஞ்சு. அது கரும்பச்சையானது. குஞ்சு இரண்டு ஏற்கனவே அடியில் கிடந்தது. பலீல் கதிரையில் எனக்குப் பின்னால் இருந்தார். அவர் பார்க்க முன்னம் போத்தலைக் கையால் மூடிக்கொண்டேன்.

கதையின் கெட்ட இடம் இதுதான். பஞ்சைக் கழுவியது பிழை. பிழை எல்லோருக்கும் வரும். ஆனால் பிழை நடந்தது தெரிந்த பிறகு உங்கள் வாயில் இருந்து வருகிற முதல் சொல் இருக்கிறதே, மீன் பிழைப்பதும் சாவதும் அதில்தான் இருக்கிறது. அரை மணித்தியாலத்தில் மீன்களைப் பையில் போட்டு, த்ரீவீலில் கொட்டிலுக்குக் கொண்டுபோய்ப் பழைய தொட்டியில் விட்டிருக்கலாம். மிஞ்சியிருந்த நான்கும் தப்பியிருக்கும். நிச்சயமாகத் தப்பியிருக்கும். கொண்டுபோனால் என்ன நடந்தது என்று கேட்பார்கள். பஞ்சு ராத்தா பைப் தண்ணீரில் பஞ்சைக் கழுவினாள் என்று சிரிப்பார்கள். வேலை போகும் என்று நான் பயப்படவில்லை, சிரிப்புக்குத்தான் பயந்தேன்.

பலீல் சரியான இடத்தில்தான் கையை வைத்தார்.

“பஞ்சு புடிக்கல்லயா ராத்தா?”

“பஞ்சு நல்ல பஞ்சு. நீங்க தீனி கூடப் போட்டிருப்பீங்க.”

“ஒரு நுள்ளுத்தான் போட்டன்.”

அவர் தன் விரல்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்ட கை பெரிய கை. நுள்ளெண்டாலும் கூடத்தான் வந்திருக்கும்.”

தானாக எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அப்போதாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன். இனித் தீனி போட வேண்டாம், தண்ணீரைப் பாதி மாற்றினால் சரியாகிவிடும் என்று பெரிய மனுசி மாதிரிச் சொன்னேன். தண்ணீர் மாற்றுவதற்கும் வழி இல்லை. அதற்கு முதல் நாள்தான் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. கரைத் தண்ணீர் மண்ணோடு கலங்கி, தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. சுழியோடிகள் அள்ளி வந்ததைத் தெளியவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள், அது போதவில்லை. நான் வேலைக்குப் போய்விட்டேன். அன்று முழுவதும் கொட்டிலில் நின்று, நல்ல மீன்களுக்கு நடுவில் வேலை செய்தேன்.

அடுத்த நாள் விடிந்ததும், கழுவாத பஞ்சு ஒன்றை வாளியில் கொண்டுபோனேன். நிஹாரா எட்டிப் பார்த்துவிட்டு, அன்டைக்குக் கொண்டு வந்தது வெள்ளையா இருந்திச்சே என்றாள். இது வேறு மாதிரிப் பஞ்சு என்று வெடுக்கென்று சொன்னேன். உள்ளே போனால் பெண் மீன் செத்துக் கிடந்தது. குஞ்சு எதுவும் மிஞ்சவில்லை. ஆண் மீன் மட்டும், ஓட்டுத் துண்டுக்கு முன்னால், முட்டைக்கு விசிறுகிற மாதிரிச் செட்டையை அடித்துக்கொண்டு நின்றது. அந்த ஓட்டில் முட்டை இல்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னம் அதுவும் போய்விட்டது. பலீல் யாரையும் தொட விடவில்லை. தானே தொட்டிக்குள் கையை விட்டு எடுத்தார், உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தார். நிஹாரா வாங்கப் பார்த்தும் கொடுக்கவில்லை.

லீவு முடிந்து வந்த சேர் விசாரித்தார். கொடுத்தது பழைய பஞ்சுதானே என்று என்னைக் கேட்டார். ஓம் சேர், அவர் தீனி கூடப் போட்டுவிட்டார் என்றேன். என்னை நம்பினார். வேறு யாராவது சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பார், சொன்னது நான் என்றபடியால் கேட்கவில்லை. அவரே இன்னொரு சோடியைப் பையில் போட்டுக்கொண்டு பலீல் வீட்டுக்குப் போனார். பலீல் வாங்கவில்லை. என்ட கையில ஒண்டும் வாழாது சேர், இதையும் தீனி கூடப் போட்டுக் கொன்னுடுவன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கதிரை திரும்பவும் முன் வாசலுக்கு வந்தது. கண்ணாடித் தொட்டியில் நிஹாரா பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பிகளைப் போட்டு வைத்தாள்.

ஒழுங்கையால் போகும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன். பிறகு அந்த ஒழுங்கையால் போவதை விட்டேன், சுற்றிப் போனேன். நாளைக்குச் சொல்வோம், நோன்புக்குள் சொல்வோம், பெருநாளைக்குச் சொல்வோம் என்று வருடம் ஓடியது.

நீங்கள் இந்த இடத்தில் என்னைக் காறித் துப்பலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையில் உங்களுக்கு ஒரு கதை சொல்லியிருப்பார்களே, சுழியோடி ஒருவர் ஆசையில் தீனியை அள்ளிப் போட்டு, முட்டை வைக்கிற சோடியைக் கொன்ற கதை. தீனி கூடினால் என்ன நடக்கும் என்று காட்டச் சேர் சொல்லத் தொடங்கியது. அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அதைப் புதிய பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தது நான். எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சொல்லும்போது கையை அகலமாக விரித்து, இவ்வளவு போட்டாராம் என்று காட்டுவேன். நீங்கள் சிரித்திருப்பீர்கள். அந்தக் கதை பொய். இனி யாருக்கும் அதைச் சொல்லாதீர்கள். சொல்வதென்றால் என் பேரைப் போட்டு, நடந்ததைச் சொல்லுங்கள்.

போன வருடம் எனக்கும் ஓய்வு வந்தது. கட்டாரில் இருக்கிற மகன் உம்ராவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தான். புறப்பட முன்னம் வீடு வீடாகப் போய், உங்கட ஹக் ஏதும் என்னில் இருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்பது எங்கள் வழக்கம். மற்றவரின் உரிமையில் கைவைத்தவளை அந்த மனிதர் மன்னிக்காமல் அல்லாஹ் மன்னிக்க மாட்டான் என்று சின்னதில் இருந்தே ஓதிக்கொடுத்திருக்கிறார்கள். எல்லா வீட்டுக்கும் போய்விட்டு, கடைசியாகப் பலீல் வீட்டுக்குப் போனேன். மறுநாள் பயணம்.

அவருக்கு இரண்டு வருடத்துக்கு முன்னம் பாரிசவாதம் வந்ததென்று கேள்விப்பட்டிருந்தேன், போய்ப் பார்க்கவில்லை. வலது கை விழுந்திருந்தது. மடியில் ஒரு சால்வையின் மேல் அதை வைத்திருந்தார்கள். வாய் கொஞ்சம் கோணியிருந்தாலும் பேச்சு விளங்கியது. நான் வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னேன். ஹக் ஏதும் இருந்தால் மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். உங்கட மேல என்ன இருக்கு ராத்தா, எல்லாம் ஹலாலாக்கிட்டன், போய் எனக்கும் துஆச் செய்ங்க என்றார். நிஹாரா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அதோடு எழும்பி வந்திருக்கலாம். கேட்டதற்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது, முறைப்படி ஒரு குறையும் இல்லை. எழும்பியும் விட்டேன். கதவு வரைக்கும் போனேன். என்ன மன்னித்தோம் என்று தெரியாமல் ஒரு மனுசன் தந்ததை மடியில் கட்டிக்கொண்டு மக்காவுக்குப் போகிறோமே என்று கால் ஓடவில்லை. திரும்பி வந்து சொன்னேன். பைப் தண்ணீரில் கழுவியதைச் சொன்னேன், கரும்பச்சைப் போத்தலைச் சொன்னேன், கொட்டிலுக்குக் கொண்டுபோகாமல் விட்டதைச் சொன்னேன். கொட்டிலில் நான் சொல்லி வந்த கதையையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

நிஹாரா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பலீல் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

“கேட்டியா புள்ள? நான் கூடப் போடல்ல.”

ஓம் என்றாள் அவள். அவர் திரும்பவும் அதையே சொன்னார். அவள் திரும்பவும் ஓம் என்றாள். அவர் கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைக்க இடது கை மட்டும்தான் வந்தது. அந்த இடது கையாலேயே வலது கையைத் தூக்கிப் பார்த்தார். விரல் எதுவும் அசையவில்லை. மெதுவாகத் திரும்பச் சால்வையின் மேல் வைத்தார்.

“அப்பவே சொல்லியிருந்தா, எனக்குக் கை இருந்திச்சே ராத்தா.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தாங்கியிருக்கும். ஊற்றிய தேத்தண்ணீர் ஆறிப்போய் இருந்தது. கால் மணித்தியாலத்துக்கு முன்னம் அவர் தந்த மன்னிப்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்க வாய் எடுத்தேன். கேட்கவில்லை. நிஹாரா கதவு வரைக்கும் கூட வந்தாள், நல்லபடியாப் போய்ட்டு வாங்க என்றாள். மறுநாள் புறப்பட்டுப் போனேன்.